ஒளியும் நிழலும்

புகைப்படத்தைத் திருத்தப் புகுவோர் பலர் படம் முழுவதையும் ஒருங்கே வெளிச்சமாக்கி விடுகின்றனர். நிழலில் இருந்த முகம் தெளிகிறது. பின்னிருந்த வானமோ வெளுத்துவிடுகிறது. வேண்டிய இடத்தை மட்டும் திருத்துவதே வழி என்பேன்.

இம்முறை கணிப்பொறியோடு பிறந்ததன்று. இருட்டறையில் தாளின்மீது ஒளி விழும்போது அட்டையால் மறைத்த பகுதி வெளிறும். மிகுதியாக ஒளி பெற்ற பகுதி கருக்கும். அமெரிக்கக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எழுநிலவைப் படமெடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து அவர் பிற்காலத்தில் எடுத்த படிகளில் வானம் மேலும் கருத்தது.

இன்று அட்டையின் பணியை மென்பொருளின் 'மாஸ்க்' செய்கிறது. தூரிகையால் முகத்தை மட்டும் குறித்து ஒளியைக் கூட்டலாம். குறித்த விளிம்பு மென்மையாக இருத்தல் வேண்டும். இன்றேல் ஒட்டுப்போட்ட துணிபோல் தோன்றும். இருட்டறையில் அட்டையை ஓயாது அசைத்ததும் இதன்பொருட்டே. முற்றிலும் வெளுத்த இடத்திலோ விவரமே பதிந்திராது. அதை எத்தூரிகையும் மீட்காது.

ஒளியை மாற்றினால் பொருளும் மாறக்கூடும். 1994-இல் 'டைம்' இதழ், கைதான ஓ. ஜே. சிம்ப்ஸனின் படத்தை இருளச்செய்து அட்டையில் வெளியிட்டது. 'நியூஸ்வீக்' அதே படத்தை மாற்றாது வெளியிட்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டோர், கறுப்பினத்தவர் ஒருவரை விசாரணைக்கு முன்னரே கொடியவராகக் காட்டுவதா என்று சினந்தனர்.

ஆதலின் செய்திப்படத்தில் ஒருவர் முகத்தைத் தொடுமுன் சற்றே எண்ணுங்கள். மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். கேட்போருக்குக் காட்ட அதுவே சான்று.