வெயிலில் சிவக்குமா என்ற கேள்வி

அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுத்த தோல் வகைப்பாடு, சோரியாசிஸ் நோயாளிகளுக்குப் புற ஊதா ஒளிச் சிகிச்சையை எந்த அளவில் தொடங்கலாம் என்று தீர்மானிக்கப் பிறந்தது. வெயிலில் தோல் சிவந்து எரியுமா, கறுக்குமா என்பதே அதன் கேள்வி; நோயாளி நினைவிலிருந்து பதில் சொல்லும் கேள்வித்தாள் அது. முதலில் அது வெள்ளைத் தோலுக்கானது. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னால்தான் சேர்க்கப்பட்டன. சிவப்பே எளிதில் தெரியாத தோலுடையவரிடம் ‘சிவக்குமா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார். அது தோலைப் பற்றிய தகவலா, கேள்வியின் குறையா?

ஒளி எதிரொளிப்பை அளக்கும் கருவி நினைவை நம்புவதில்லை. தோல்மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை அளந்து, மெலனின் என்ற நிறமி எவ்வளவு என்பதை எண்ணாகத் தருகிறது. வெயில் படாத மேற்கையின் உட்புறத்தில் அளந்தால் இயல்பு நிறம். முன்கையின் வெளிப்புறத்தில் அளந்தால் வெயில் ஏற்றிய கறுப்பும் சேரும். கேள்வித்தாளில் ஒரே வகைக்குள் அடைபட்ட இருவரின் எண்கள் நன்றாகவே விலகி நிற்கலாம். கேள்வித்தாளுக்குச் செலவில்லை என்பார்கள். முதல் சல்லடையாக அது இருந்துவிட்டுப் போகட்டும். நிறம் மட்டுமே எரிச்சலைத் தீர்மானிக்காது என்பதுதான் கருவிக்கு எதிரான வலுவான மறுப்பு. உண்மை, ஆனால் அதற்கான விடையும் நினைவில் இல்லை. சிறு சிறு இடங்களில் ஒளியைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் சிவக்கிறது என்று மறுநாள் பார்க்கும் சோதனை இருக்கிறது. கருந்தோலில் அந்தச் சிவப்பையும் கண் தவறவிடக்கூடும் என்பதால், அங்கேயும் கருவியின் துணை வேண்டியிருக்கிறது.