கடலுக்குள் ஒரு மருந்துக் குடித்தனம்

மருந்து என்றதும் நம் மனம் செடிகொடியைத்தான் தேடும். வேம்பு, துளசி, நிலவேம்பு எல்லாம் மண்ணில் முளைத்தவை. சித்த வைத்தியத்தில் முத்து, பவளம், சங்கு ஆகியவற்றின் பற்பங்கள் உண்டு என்றாலும், கடலை நாம் பெரிய மருந்துக்கடையாக நினைத்ததில்லை. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் அங்கிருந்து வந்த செய்திகள் என்னை வியக்க வைத்தன. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கப்பலின் அடிப்பாகத்திலும் துறைமுகத் தூண்களிலும் பழுப்புப் பாசி போல ஒன்று படரும். பார்த்தால் செடி, உண்மையில் அது பல நுண்ணிய விலங்குகளின் கூட்டம். பெயர் புகுலா நெரிட்டினா. ஓட முடியாது, கடிக்கவும் முடியாது. அதன் குஞ்சுகளை மீன் வாயில் போட்டால், 'தூ' என்று துப்பிவிடுகிறது! காரணம், அவற்றின்மேல் உள்ள பிரையோஸ்டாட்டின் என்னும் வேதிப்பொருள். மெக்சிகோ வளைகுடாவில் 1968-ல் சேகரித்த இந்த உயிரியின் சாறு புற்றுநோய்ச் செல்களை எதிர்த்தது. பொருளின் அமைப்பு 1982-ல் வெளியானது. சோதனைக்காக ஏறத்தாழ 13 டன் உயிரிகளைச் சேகரித்தார்கள். கிடைத்ததோ 18 கிராம்!

சரி, இதைத் தயாரிப்பது யார்? விலங்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு, அதன் உடலுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவின்மேல் சந்தேகம் விழுந்தது. விலங்குக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். பாக்டீரியா குறைந்தது, பிரையோஸ்டாட்டினும் கூடவே குறைந்தது. ஆக, விலங்கு வீட்டுக்காரர், பாக்டீரியா குடித்தனக்காரர், மருந்துதான் வாடகை! அவரை வேர்முடிச்சில் பாக்டீரியா குடியிருந்து தழைச்சத்து கொடுக்கிறதே, அதே ஏற்பாடுதான். தாய் தன் குஞ்சுக்கு இந்தக் குடித்தனக்காரரையும் சேர்த்தே சீதனமாகக் கொடுத்தனுப்புகிறது.

இரண்டாவது, கரீபியக் கடலில் அலையாத்தி மரவேர்களில் ஒட்டிவாழும் எக்டினாசிடியா டர்பினேட்டா. தண்ணீரை உறிஞ்சிப் பீச்சும் சிறு பை போன்ற விலங்கு. இதன் சாற்றின் புற்றெதிர்ப்புத் திறன் 1969-லேயே தெரிந்தது. மருந்தின் அமைப்பு தெரிய 1990 ஆயிற்று. டிராபெக்டெடின் என்னும் அந்த மருந்து, தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்க்காக ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2015-லும் அனுமதி பெற்றது. இதையும் தயாரிப்பது உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாதான் என்று 2011-ல் மரபணு ஆய்வு காட்டியது.

இங்கேதான் சிக்கல். ஒரு கிராம் மருந்துக்கு ஏறத்தாழ ஒரு டன் விலங்கு வேண்டுமென்றால், நோயாளிகளுக்காகக் கடலையே காலி செய்ய வேண்டியதுதான். பாக்டீரியாவைத் தனியே வளர்க்கலாமே என்றால், அது வீட்டுக்காரரை விட்டு வர மறுக்கிறது. தலைமுறை தலைமுறையாக உள்ளேயே வாழ்ந்து, தனித்து வாழத் தேவையான மரபணுக்களையே பெரும்பாலும் இழந்துவிட்டது.

வழி வேறொரு பாக்டீரியாவிடம் கிடைத்தது. சூடோமோனாஸ் ஃபுளோரெசென்ஸ்! நம் ஊர் உழவர்கள் நெல் விதைநேர்த்திக்குப் பயன்படுத்தும் இனம்தான், ரகம் வேறு. அதைத் தொட்டியில் வளர்த்து, அது தரும் பொருளை வேதியியல் முறையில் மாற்றி டிராபெக்டெடின் செய்கிறார்கள். இதனால் நோயாளிக்கு மருந்து, விலங்குக்கு உயிர். பிரையோஸ்டாட்டினுக்கோ 2017-ல்தான் ஆய்வகத்தில் ஓரளவு கூடுதலாகச் செய்யும் வழி பிறந்தது. புற்றுநோய்க்கும் அல்சைமர் நோய்க்கும் சோதித்தும் அது இன்னும் மருந்தாக அனுமதி பெறவில்லை. கடலில் கிடைப்பதெல்லாம் அமுதமில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

நமக்கு இதில் என்ன? ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில், 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ள தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்பஞ்சுகளும் வாழ்கின்றன. அந்நிய நிறுவனங்கள் நம் உயிரினங்களை ஆய்வுக்கு எடுத்துப்போக, 2002-ம் ஆண்டுச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். சட்டம் இருக்கிறது, ஆனால் சூடேறும் கடலுக்குச் சட்டம் தெரியுமா? வீட்டுக்காரர் மடிந்தால் குடித்தனக்காரரும் மடிவார். அவர் கைவசமிருந்த மருந்து என்னவென்று தெரியாமலே போய்விடும்.

விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகும்போது பிள்ளைகளுக்குக் கோயிலைக் காட்டுகிறோம். அப்படியே கடற்கரைக்கும் கூட்டிப்போய், பாறையில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன உயிர்களையும் காட்டுங்கள். பிய்த்து எடுக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.