பாதை போடப் படித்தவர்: நிகோலா பாஷிச்

1914 ஜூலை 25. மாலை ஆறு மணிக்குச் சில நிமிடங்களே பாக்கி. பெல்கிரேடில் இருந்த ஆஸ்திரிய-ஹங்கேரித் தூதரகத்துக்குள் கையில் கடிதத்துடன் நுழைந்தார், நீண்ட வெண்தாடி வைத்த 68 வயதுப் பெரியவர். தன் நிபந்தனைகளை ஏற்க ஆஸ்திரியா விதித்த 48 மணி நேரக் கெடு முடியும் தறுவாய். செர்பியாவின் பதிலைத் தாமே கொண்டுவந்த அவர்தான் அந்நாட்டின் பிரதமர், நிகோலா பாஷிச். பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இணங்கியிருந்தும் அந்தப் பதில் போதவில்லை. தூதர் உடனே ரயிலேறிவிட்டார். மூன்றே நாளில் போர் மூண்டது. அதுவே முதல் உலகப் போராக வளர்ந்தது.

பாஷிச் படித்தது அரசியல் அல்ல, பொறியியல். 1845இல் கிழக்குச் செர்பியாவின் சயேச்சாரில் பிறந்தவர், அரசு உதவித்தொகையில் சூரிச் பாலிடெக்னிக்கில் படித்தார். நாடு கடந்து வந்த ரஷ்யப் புரட்சியாளர்கள் அப்போது அந்த நகரில் கூடியிருந்தார்கள். படிப்போடு அரசியலும் அங்கேதான் அவரைப் பற்றிக்கொண்டது. ரயில் பாதைப் பணியில் அவர் இருந்தது கொஞ்ச காலமே. 1878இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1881இல் விவசாயிகளை நம்பி ரேடிக்கல் கட்சி பிறந்தது, அவர் அதன் தலைவரானார்.

மரண தண்டனையும் பிரதமர் பதவியும்

1883இல் விவசாயிகளின் துப்பாக்கிகளை அரசு பறிக்க முயன்றது. பாஷிச்சின் சொந்த மண்ணான டிமோக் பகுதி வெகுண்டெழுந்தது. அவர் தப்பிவிட்டார். ஆள் இல்லாமலே மரண தண்டனை விதிக்கப்பட்டது. பல்கேரியாவில் ஆண்டுக்கணக்கில் அகதி வாழ்க்கை. 1889இல் மன்னர் மிலான் முடிதுறந்த பிறகே மன்னிப்புக் கிடைத்து ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு பெல்கிரேட் மேயர், 1891இல் பிரதமர்!

1906இல் செர்பியப் பன்றிகளுக்கு ஆஸ்திரியா எல்லையை அடைத்தது. நாட்டின் ஏற்றுமதியே அந்தச் சந்தையைத்தான் நம்பியிருந்தது. பாஷிச் அரசு பணியவில்லை. வேறு சந்தைகளைத் தேடிப் பிடித்தது. 1915 குளிர்காலத்தில், உலகப் போரில் தோற்ற செர்பிய ராணுவம் அல்பேனிய மலைகளைக் கடந்து பின்வாங்கியது. அரசு கோர்ஃபு தீவில் தஞ்சம் புகுந்தது. நாடே கைவிட்டுப் போன நிலையிலும், 1917 ஜூலை 20 அன்று அங்கேயே, செர்பியர், குரோவாத்தியர், ஸ்லோவேனியர் மூவருக்கும் ஒரே நாடு என்ற உடன்படிக்கையில் குரோவாத்தியத் தலைவர் டிரம்பிச்சுடன் பாஷிச் கையெழுத்திட்டார். 1918 டிசம்பரில் அந்த நாடு பிறந்தது.

காலியான இருக்கைகள்

புதிய நாட்டின் அரசியலமைப்பைச் சாதாரணப் பெரும்பான்மைக்கும் மேலான ஆதரவோடு நிறைவேற்ற வேண்டும் என்பது கோர்ஃபுவில் கொடுத்த வாக்கு. 1921 ஜூன் 28 அன்று அரசியலமைப்பு அவையின் 419 உறுப்பினர்களில் ஆதரித்தவர்கள் 223 பேர், எதிர்த்தவர்கள் 35 பேர். மிச்சமுள்ள 161 பேர் அவைக்கே வரவில்லை, குரோவாத்தியப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் அதில் அடக்கம். அதிகாரம் முழுவதையும் பெல்கிரேடில் குவித்த அந்த அரசியலமைப்பு அப்படித்தான் நிறைவேறியது.

1926 டிசம்பர் 10 அன்று பாஷிச் மறைந்தார். போரிலும் புலம்பெயர்விலும் அவர் காட்டிய பொறுமைக்கு ஈடு சொல்வது அரிது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கை, அன்று அவைக்கு வராத 161 பேரை அழைத்துவர அவர் செலவிட்டிருக்க வேண்டும்.