ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் கார் இழுக்கவில்லையா? ஹைட்ராலிக் கிளட்ச் ‘ஸ்லிப்’ ஆவது ஏன், சரிசெய்வது எப்படி?

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். பாதி மலை ஏறியதும் என்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி வேகம் எடுக்க மறுக்கிறது. கூடவே ஏதோ கருகும் வாடை.

தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். “ஆயில் குறைஞ்சிருக்கும், ஊத்தி ஏர் எடுத்தா சரியாயிடும்” என்பார் ஒருவர். “கிளட்ச் செட்டையே மாத்தணும்” என்பார் இன்னொருவர். முதலாவது சின்ன வேலை. இரண்டாவதற்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பர்ஸும் கணிசமாக இளைக்கும். இரண்டில் எது சரி என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே சில எளிய சோதனைகளில் ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது?

என்ஜினோடு சேர்ந்து சுழல்வது ஃப்ளைவீல். கியர்பாக்ஸோடு இணைந்திருப்பது கிளட்ச் பிளேட். பிரஷர் பிளேட்டில் உள்ள ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடியில்தான் என்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போகிறது.

பெடலை மிதித்தால் இந்தப் பிடி விடுபட வேண்டும். பழைய கார்களில் இதற்கு கேபிள் இருந்தது. ஹைட்ராலிக் கிளட்சில் அந்த வேலையைச் செய்வது பிரேக் ஆயில். பெடல் அருகில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியாக கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரை அடையும். அது ரிலீஸ் பேரிங்கை அழுத்தி பிளேட்டை விடுவிக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது ஆயில். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘ஸ்லிப்’ வேறு, ‘கட் ஆகாதது’ வேறு

ஆயில் குறைந்தாலோ, லைனுக்குள் காற்று புகுந்தாலோ பெடல் தொளதொளவென்று போகும். கிளட்ச் முழுசாக விடுபடாது. கியர் விழ அடம்பிடிக்கும், ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்று சத்தம் வரும். இதைத்தான் ‘கிளட்ச் கட் ஆகல’ என்கிறார்கள். ஏர் எடுத்தால் சரியாவது இந்தக் கோளாறுதான்.

ஸ்லிப் இதற்கு நேர் எதிர். கியர் சுலபமாக விழும். ஆனால் பிளேட் பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்கும். ஆயில் குறைவு இதற்கு நேரடிக் காரணம் ஆகாது. எனவே வழுக்கும் கிளட்சுக்கு ஆயில் ஊற்றி அனுப்பினால், கோளாறு அப்படியே இருக்கும்.

எப்படி உறுதி செய்வது?

முதல் சோதனை, சாலையில். நெரிசல் இல்லாத இடத்தில் நான்காவது கியரில் 40-50 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்க வேண்டும். ஆர்பிஎம் முள் சட்டென்று எகிறி, வேகம் மட்டும் அப்படியே நின்றால் ஸ்லிப் உறுதி.

இரண்டாவது, நின்ற இடத்தில். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக் பெடலிலும் கால் வைத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் சூடேறிக் கருகும், ஒருமுறை போதும்.

கோளாறு பிளேட்டிலா, லைனிலா?

கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பெடலை விட்ட பிறகும் லைனில் அழுத்தம் தங்கிவிட்டால், யாரோ பெடலை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பது போல ஆகிவிடும். பிளேட் புதிதாக இருந்தாலும் வழுக்கும்.

கிளட்ச் வழுக்கிக்கொண்டிருக்கும் நிலையில் வண்டியை நிறுத்தி, பெடலில் கால் வைக்காமல், ஸ்லேவ் சிலிண்டர் லைனில் உள்ள ஏர் எடுக்கும் நிப்பிளை மெக்கானிக் லேசாகத் திறந்து பார்க்க வேண்டும். ஆயில் பீய்ச்சி அடித்து, ஸ்லிப்பும் தற்காலிகமாக நின்றால் கோளாறு லைனில். ஆயில் சும்மா கசிந்து, ஸ்லிப் அப்படியே தொடர்ந்தால் கோளாறு கிளட்ச் செட்டில்.

லைனில் கோளாறு என்றால், முதலில் பார்க்க வேண்டியது பெடலின் ஃப்ரீ ப்ளே. மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி இடைவெளியே இல்லாமல் இறுக்கமாக இருந்தால், உள்ளே ஆயில் திரும்பும் துளை மூடியே கிடக்கும். கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு அதைச் சரிசெய்தாலே சில கார்களில் பிரச்சினை தீரும். ஃப்ளோர் மேட் சிக்கி பெடல் முழுசாக மேலே வராமல் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

அடுத்தது சீல். பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் என்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ தவறுதலாக ஊற்றிவிட்டால், ரப்பர் சீல்கள் ஊதிவிடும். அப்புறம் லைனைக் கழுவி, சிலிண்டர்களின் ரப்பர் பாகங்களை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஆயில் டப்பா ஒன்றே என்பதால், இந்தத் தவறு பிரேக்கையும் சேர்த்தே கெடுக்கும். டாட் 3, டாட் 4 என்று மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

பிளேட் போயிருந்தால்?

பெரும்பாலான ஸ்லிப்புகளுக்குக் காரணம் பிளேட் தேய்மானம்தான். கேபிள் கிளட்ச் போல ‘கொஞ்சம் டைட் வெச்சு ஓட்டலாம்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. பிளேட் தேயத் தேய ஹைட்ராலிக் அமைப்பு தானாகவே ஈடுகட்டிக்கொள்ளும். அதையும் மீறி வழுக்கினால் மாற்றுவது ஒன்றே வழி.

கியர்பாக்ஸை ஒருமுறை இறக்கினால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே லாபம். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் அதையும் மாற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பிறகு அது கசியும்போது மறுபடியும் இறக்குகூலி.

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். லைனிங் ரிவெட் வரை தேய்ந்திருந்தால் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். லைனிங் இருந்தும் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், என்ஜின் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸ் சீல், உள் ஸ்லேவ் சிலிண்டர் ஆகியவற்றில் எதுவோ கசிகிறது. கசிவை நிறுத்தாமல் புது பிளேட் போட்டால் அதுவும் வீண். ஃப்ளைவீலில் நீலம் பாரித்த தழும்புகளோ வெடிப்போ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மலையில் மாட்டிக்கொண்டால்?

ஸ்லிப் தொடங்கிய கிளட்சோடு மலையேறிப் பார்ப்பது ஆபத்து. ஏறும்போது வண்டி நின்றுவிடும் என்பது மட்டுமல்ல. இறங்கும்போது கைகொடுக்க வேண்டிய என்ஜின் பிரேக்கிங்கும் அதே கிளட்ச் வழியாகத்தான் வர வேண்டும். அது வழுக்கினால் மொத்தச் சுமையும் பிரேக் மீது விழும். தொடர்ந்து மிதித்த பிரேக் சூடேறினால் பிடி குறையும்.

எனவே கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கிளட்ச் ஆற விட வேண்டும். ஆறியதும் கொஞ்சம் பிடிக்கும். ‘சரியாயிடுச்சு’ என்று நம்பி மேலே ஏறாமல், மீட்பு வண்டியை அழைப்பதே நல்லது.

புது கிளட்ச் போட்டவர்களும் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் பிளேட் நன்றாகப் பதியும். மேட்டில் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திவைப்பதும், ஓட்டும்போது பெடல் மேலேயே காலை வைத்திருப்பதும்தான் பிளேட்டுக்கு முதல் எதிரி. மேட்டில் ஹேண்ட்பிரேக் போட்டு நின்றாலே கிளட்சின் ஆயுள் கூடும்.