இஞ்சியின் வயதைக் கேட்டு வாங்குவோம்

"இஞ்சி லாபம் மஞ்சளில் போச்சு" என்பது பழமொழி. எனக்கோ இஞ்சி லாபம் இஞ்சியிலேயே போயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில், விலை ஏறும் என்று எண்ணி, 60 கிலோ மூட்டையாக நாற்பது மூட்டை புது இஞ்சி வாங்கி இருப்பு வைத்தேன். மூன்று வாரத்தில் சரக்கு சுருங்கி எடை குறைந்தது. அடி மூட்டைகள் அழுகின. அனுப்பிய கமிஷன்காரரிடம் சண்டைக்குப் போனேன். "அண்ணாச்சி, சரக்கு நல்ல சரக்குதான். வயது போதாது" என்றார். அது நியாயம்தான் என்பதை விவசாயிகளிடம் விசாரித்த பிறகே அறிந்தேன்.

வயநாடு, குடகு, ஹாசன் பகுதிகளில் ஏப்ரல், மே மழையை ஒட்டி இஞ்சி நடுகிறார்கள். கேரளத்தில் ஹெக்டேருக்குத் தழைச்சத்து 75 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல்சத்து 50 கிலோ இடச் சொல்கிறார்கள். மணிச்சத்து முழுவதும், சாம்பல்சத்தில் பாதியும் அடியுரம். தழைச்சத்தில் பாதி இரண்டாம் மாதம். மீதி எல்லாம் நான்காம் மாதம்.

செடி அதிகமாக எடுப்பது தழைச்சத்தும் சாம்பல்சத்தும்தான். சுமார் 180 நாள் வரை இலையிலும் தண்டிலும் சத்து ஏறுகிறது. பிறகு அங்கே குறைகிறது. கிழங்கிலோ அறுவடை வரை கூடிக்கொண்டே போகிறது. செடி தன் கைமுதலை எல்லாம் கிழங்கு என்னும் பெட்டியில் வைத்துப் பூட்டும் காலம் அது. நான் வாங்கியது, பெட்டி நிரம்புவதற்கு முன் தோண்டிய சரக்கு.

ஆறு, ஏழு மாத இஞ்சி மட்டம் என்று சொல்லவில்லை. நார் குறைவு, தோல் மெல்லியது. ஊறுகாய்க்கும் தீபாவளி லேகியத்துக்கும் அதுவே ஏற்றது. ஆனால் வந்த வேகத்தில் விற்றுவிட வேண்டும், இருப்புக்கு ஆகாது. எட்டு மாதமாகி இலை மஞ்சளித்துக் காய்ந்த பின் எடுத்த கிழங்கே இருப்புக்கும் சுக்குக்கும் உரியது. நூறு கிலோ முற்றிய இஞ்சி காய்ந்தால், ரகத்துக்கு ஏற்ப 16 முதல் 25 கிலோ வரை சுக்கு கிடைக்கும்.

சோதிப்பது எளிது. நகத்தால் சுரண்டினால் தோல் சட்டென்று உரிந்தால் இளசு. ஒடித்தால் நார் தெரிந்து, தோல் கெட்டியாக இருந்தால் முற்றல்.

ஆகவே வணிக நண்பர்களே, விலை கேட்கும் முன் நட்ட மாதத்தைக் கேளுங்கள். எட்டு மாதம் ஆகாத சரக்கை எவ்வளவு மலிவாகத் தந்தாலும், ஒரு வார விற்பனைக்கு மேல் வாங்காதீர்கள். நாற்பது மூட்டை விலை கொடுத்து நான் கற்ற பாடம் உங்களுக்கு இலவசம்.