கிருமியின் பாடபேதம்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் ஓர் உண்மையை நன்கறிவர். ஒரு சுவடியிற் கண்ட எழுத்துப்பிழை மற்றொரு சுவடியிலும் அப்படியே காணப்படின், அவ்விரண்டும் ஒரே மூல ஏட்டின் வழிவந்தவை எனக் கருத இடமுண்டு. எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி பரவும் வழியைத் தேடும் அறிவியலாரும் இம்முறையையே கையாளுகின்றனர்.

இக்கிருமியின் மரபுச்செய்தி நான்கே வகை எழுத்துகளால் ஆனது. ஏறத்தாழ 9,700 எழுத்து நீளமுடையது. கிருமி பெருகுந்தோறும் அச்செய்தி படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கையில் நேரும் பிழையைத் திருத்தும் அமைப்பு அதனிடம் இல்லை. ஆதலின் நாளடைவில் ஒவ்வொருவர் உடலிலும் கிருமி தனிப்பாடம் கொள்கிறது. இருவரிடமுள்ள பாடங்கள் மிக நெருங்கியிருப்பின், அவை அண்மையில் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது பெறப்படும்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ஸ்காட் மாவட்டம் இதற்குத் தக்க சான்று. 2004 முதல் 2013 வரை அங்கே ஐவருக்கு மட்டுமே இத்தொற்று பதிவாகியிருந்தது. ஆனால் 2014 நவம்பருக்குப் பின் ஓராண்டுக்குள் 181 பேரிடம் அது கண்டறியப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஆக்சிமார்போன் என்னும் வலிநீக்கி மாத்திரையைக் கரைத்து ஊசிவழி ஏற்றிக்கொண்டவர்கள். ஒருவர் குத்திய ஊசியை மற்றவரும் பயன்படுத்தினர். 159 பேரின் கிருமிகளில் ஒரு மரபணுவைப் படித்தபோது, 157 பேருடையவை மிக நெருங்கிய உறவுடையன என்பது தெரிந்தது. எனவே, பல கிருமிகள் தனித்தனியே வந்து புகவில்லை. ஒரே கிளையே குறுகிய காலத்தில் கைக்குக் கை பரவியது.

அந்நாளில் அம்மாநிலச் சட்டம் பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டு புதிய ஊசி வழங்கும் திட்டத்துக்கு இடந்தரவில்லை. 2015 மார்ச் 26ஆம் நாள் ஆளுநர் மைக் பென்ஸ் அவசரநிலை அறிவித்து அதற்கு வழிவிட்டார். தூய ஊசியும் பரிசோதனையும் சிகிச்சையும் ஒருங்கே கிட்டியபின் புதிய தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும் 2021 ஜூனில் அத்திட்டத்தை முடித்துவிட மாவட்ட நிர்வாகிகள் வாக்களித்தனர்.

இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. பாட ஒற்றுமை உறவைக் காட்டும். யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை அதுமட்டுங்கொண்டு உறுதிசெய்ய இயலாது. இரு சுவடிகளுக்கிடையே மறைந்துபோன மூன்றாம் ஏடு இருந்திருக்கக் கூடுமன்றோ? எச்.ஐ.வி. பரப்பியோரைத் தண்டிக்கும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. பரிசோதனைக்குத் தந்த குருதியே தமக்கு எதிரான சாட்சியாகும் என அஞ்சுவோர் பரிசோதனைக்கே வாரார். கிருமியோ மறைவில் வளரும். ஆகவே, குற்றவாளி யார் என்று தேடுவதற்கன்று, தூய ஊசியும் மருந்தும் எங்கே விரைந்து சேரவேண்டும் என்று அறிவதற்கே இப்பாடங்கள் பயன்படவேண்டும்.