ராகங்களுக்கு டிஸ்கோ தாளம்: 28 ஆண்டுகள் காத்திருந்த இசைத்தட்டு

புக்கிட் மேராவுக்கு அருகில், ஜியாக் கிம் ஸ்திரீட்டின் பழைய கிடங்குகளில் 1991ல் தொடங்கியது ‘ஸூக்’ இரவு விடுதி. 2016 இறுதியில் கிளார்க் கீக்கு மாறும்வரை, சிங்கப்பூரில் மின்னணு நடன இசை என்றாலே பலருக்கும் அந்த இடம்தான் நினைவுக்கு வரும்.

அங்கு ஒலித்த ‘ஹவுஸ்’ இசை அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தது. அதன் கிளையான ‘ஆசிட் ஹவுஸ்’ பற்றிய பேச்சில் மட்டும் மும்பைக்காரர் ஒருவரின் பெயரும் அடிபடுகிறது. அவர் சரண்ஜித் சிங். அந்த இசைக்கு அவர் பயன்படுத்திய கருவி சிங்கப்பூரில் வாங்கியது.

1940ல் பிறந்த சரண்ஜித் சிங், இந்தித் திரைப்பட ஒலிப்பதிவுக்கூடங்களில் பேஸ் கித்தாரும் கீபோர்டும் வாசித்தவர். ஆர்.டி. பர்மன் உள்ளிட்டோரின் பாடல்களில் அவரது வாசிப்பு உண்டு. கோடம்பாக்கமானாலும் மும்பையானாலும் இத்தகைய கலைஞர்களின் நிலை ஒன்றுதான். பாட்டை ஊரே பாடும், வாசித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981ல் ‘டிபி-303’ என்ற சிறிய பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேஸ் கித்தார் வாசிக்க ஆள் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்வதற்காக உருவானது அது. ஆனால் அதன் ஒலி கித்தாரைப் போலவே இல்லை. வாங்க ஆளில்லாமல் 1984ல் உற்பத்தியே நின்றது. பேஸ் கித்தார் கலைஞர் ஒருவரே அதை விரும்பி வாங்கியதுதான் வேடிக்கை.

அந்தப் பெட்டியில் சுரங்களை வரிசையாகப் பதிந்துவிட்டால், நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதியும் உண்டு. ஒரே சுருதியில் நின்று, குறிப்பிட்ட சுரங்களுக்குள் உலவி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்வது நமது ராக இசைக்குப் புதிதல்ல. கமகத்தின் நுணுக்கம் இயந்திரத்தில் வராது என்றாலும் இரண்டும் எளிதில் பொருந்திக்கொண்டன.

1982ல் அவர் பத்து இந்துஸ்தானி ராகங்களைத் தேர்ந்தெடுத்தார். தபேலாவை ஒதுக்கிவிட்டு, ‘டிஆர்-808’ தாள இயந்திரத்தில் டிஸ்கோ தாளத்தை ஓடவிட்டார். ‘ஜூப்பிட்டர்-8’ கீபோர்டில் ராகத்தை வாசித்தார். அதில் வரும் பூபாளி நமக்கு மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், யமன் கல்யாணி. தோடியைப் பார்த்து நம் தோடி என்று எண்ணிவிடக் கூடாது. கர்நாடக இசையில் அதற்கு நெருங்கியது சுபபந்துவராளி.

‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற அந்தத் தட்டு விற்கவில்லை. ராகம் கேட்பவர்களுக்கு அது டிஸ்கோ, டிஸ்கோ கேட்பவர்களுக்கு அது ராகம். அவர் மீண்டும் பழைய வேலைக்கே திரும்பினார்.

சிகாகோவில் ‘ஃபியூச்சர்’ குழுவினர் அதே ‘303’ஐக் கொண்டு உருவாக்கிய ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987ல் வெளிவந்தது. ‘ஆசிட் ஹவுஸ்’ அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் 2002ல் டெல்லியில் பழைய இசைத்தட்டுகளுக்கு இடையே சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்தார். அவரது ‘பாம்பே கனெக்‌ஷன்’ நிறுவனம் 2010ல் அதை மறுபடியும் வெளியிட்டது. கேட்டவர்கள் திகைத்தனர். ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்’ என்ற தலைப்புகள் வரத் தொடங்கின.

அந்தப் பட்டம் முழுக்கச் சரியல்ல. சிகாகோ இளையர்கள் அவரது தட்டைக் கேட்டு இசையமைத்ததாகச் சான்று இல்லை. ஒரே கருவி, ஐந்து ஆண்டு இடைவெளி, இரண்டு ஊர்கள். சிகாகோவில் அதை இரவுதோறும் ஒலிக்கவிட ரான் ஹார்டி போன்ற டிஜேக்களும் ஆடுவதற்குக் கூடமும் இருந்தன. மும்பையில் அவருக்கு அந்த இரண்டுமே வாய்க்கவில்லை. இசையை உருவாக்குபவர் தயாரிப்பாளர், அதைக் கூட்டத்திடம் கொண்டுசேர்ப்பவர் டிஜே. இன்று பலர் இரு வேலைகளையும் தாங்களே செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுபது வயதைக் கடந்தபின் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை மீண்டும் வாசித்தார். 2015ல் மும்பையில் காலமானார். அன்று விற்காமல் கிடந்த ‘303’ பெட்டி இன்று பழைய பொருள் சந்தையில் பல ஆயிரம் வெள்ளிக்குப் போகிறது.